மடத்துப் படிகள்

"அவ இனி மடத்துக்கு வரமாட்டாவாம், சுவாமி."

தணிகாசலத்தின் குரலில் மனத்தாங்கல். தீவில் அந்த மடம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் சுவாமியின் பேச்சைக் கேட்க ஊரே அங்கே கூடும். கால் இயங்காத புவனலோஜினியைப் படிகளில் தூக்கி ஏற்றுபவர் அவர்தான்.

"ஏனெண்டு கேட்டனீங்களோ?"

"நான் என்ன கேக்கிறது? ஒரு வெள்ளியும் தவறாமல் தூக்கினனான். நன்றியில்லை."

சுவாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடற்கரை ஒழுங்கையில் அவள் வீடு. சக்கர நாற்காலியில் இருந்தபடி சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். சுவாமியைக் கண்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"ஏன் பிள்ளை வரேல்லை?"

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற தணிகாசலத்தை அவள் பார்த்தாள்.

"அண்ணை நல்ல மனுசன். அதாலதான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

"சொல்லுங்கோ, பிள்ளை."

"ஊர் பாத்துக்கொண்டிருக்க என்னைத் தூக்குவார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளுவன். பேச்சு நீண்டால் ஒண்டுக்கு முட்டும். என்னை இறக்கிவிடுங்கோ எண்டு அத்தனை பேருக்கு முன்னால எப்பிடிக் கேக்கிறது? நாற்காலி கீழ நிக்கும். நான் மேல அடக்கிக்கொண்டு இருப்பன்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

சுவாமி திரும்பி நடந்தார். மடத்துக்கு வந்ததும் கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்துப் படியின் கல்லிடுக்கில் செருகினார்.

தணிகாசலம் ஓடிவந்து மறித்தார்.

"சுவாமி! மடத்தைக் கட்டின பெரியசுவாமி தன்ர கையால வைச்ச கல். சனம் தொட்டுக் கும்பிடுற படி!"

"நான் மேல இருந்து ஞானம் பேசிக்கொண்டிருந்தனான். அவ மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தவ."

தணிகாசலம் மறித்த கையை இறக்கினார்.

பிறகு சுவாமியின் கையிலிருந்த அலவாங்கை வாங்கினார்.

ஊர் முணுமுணுத்தது. சிலர் கோபித்துக்கொண்டு வராமலே விட்டார்கள். படி இருந்த இடத்தில் சீமெந்துச் சரிவு எழுந்தது. பின்பக்கத்துக் கழிப்பறை வாசலும் அகன்றது.

சரிவு காய்ந்த பிறகு வந்த வெள்ளியில் புவனலோஜினி தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். காற்று வரும் பக்கமாகப் பார்த்து, ஒரு தூணோரம் நாற்காலியை நிறுத்தினாள்.

சுவாமி பேசத் தொடங்கினார்.

பேச்சின் நடுவே அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

தணிகாசலம் பாதி எழுந்துவிட்டார். "ஏதும் வேணுமோ, தங்கச்சி?"

"ஒண்டும் வேண்டாம், அண்ணை. வீட்டை போறன். இண்டைக்குச் சுவாமி விசயமில்லாமல் சும்மா அலட்டுறார்."

கூட்டம் திகைத்துப்போனது. நாற்காலி சரிவில் இறங்கி ஒழுங்கைப் பக்கம் உருண்டது.

தணிகாசலம் சுவாமியைத் திரும்பிப் பார்த்தார்.

சுவாமி பேச்சை நிறுத்தி எழுந்து, யாரையும் கேளாமல் போகிறவளின் முதுகை நோக்கிக் கைகூப்பியபடி நின்றார்.