நான்காவது கயிறு

அருவிக்குப் போகும் சாலையோரம் மாசானம் பஜ்ஜிக்கடை போட்டிருந்தான். அந்த சீசனுக்கென்று புதிதாக ஒரு மடக்குக் கூடாரம் வாங்கியிருந்தான். நாலு இரும்புக் கால், மேலே நீலத் துணி. மலையிலிருந்து இறங்கும் காற்று அதை அப்படியே தூக்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு காலிலிருந்தும் கயிறு இழுத்து, தரையில் முளை அடித்துக் கட்டியிருந்தான். நான்காவது முளை பேச்சித்தாயின் பழக்கடையை ஒட்டி இருந்தது. காற்று முதலில் மோதுவதும் அந்தக் காலில்தான்.

சில நாட்களாக அந்தக் கயிற்றில் முடிச்சு மாறியிருந்தது.

"இது நான் போட்ட முடிச்சு இல்ல" என்றான் மனைவி சொர்ணத்திடம்.

"யாரு வந்து மாத்தப் போறா?"

அவன் பழக்கடைப் பக்கம் தாடையால் காட்டினான். "நாம வந்த பிறகு அவ மங்குஸ்தானை யாரு திரும்பிப் பாக்கா? வயித்தெரிச்சல்."

ஒருநாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தவன் கண்ணால் பார்த்துவிட்டான். பேச்சித்தாய் முளையருகே குந்தியிருந்தாள். அவள் கையில் கயிறு தொளதொளவென்று கிடந்தது.

"கயித்தில கை வைக்காதே!"

சாலையில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். பேச்சித்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கயிற்றைக் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதை அவிழ்த்து மாசானமே இரட்டை முடிச்சுப் போட்டான். அதன்பின் அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் இந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் சாரலோடு பெருங்காற்று வந்தது. துணி உப்பியது. நான்காவது கால் தரையைவிட்டு எழும்பி அடுப்பை இடித்தது. எண்ணெய்ச் சட்டி சாய, சொர்ணம் அலறிக்கொண்டு பின்னால் துள்ளினாள். ஓடி வந்து கூடாரக் காலைக் கட்டிப்பிடித்து அமுக்கியது பேச்சித்தாய். கொதித்த எண்ணெய் அவள் முழங்கையில் தெறித்தது. பிடியை அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம் மாசானம் மலைமேல் ஏறினான். பாறை மடத்தில் இருந்த தவசியம்மாள்தான் அவனுக்குக் குரு.

"அம்மா, கெடுதல் செஞ்சிட்டு உதவவும் வாறவளை என்னன்னு எடுத்துக்க?"

"என்ன நடந்தது?"

சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான். "அவ்வளவு வேகமா எப்படி ஓடி வந்தா? கால் தூக்கும்னு அவளுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு அம்மா."

தவசியம்மாள் "நாளைக்குக் கடைக்கு வாறேன்" என்றார்.

சொன்னபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பஜ்ஜியைப் பிய்த்துத் தின்றார். காற்று விட்டுவிட்டு வீசிக்கொண்டிருந்தது.

"தண்ணி எடுக்கப் போற நேரம் ஆச்சே? போயிட்டு வா" என்றார்.

குடத்தோடு திரும்பியவன் பாதி வழியிலேயே நின்றான். தவசியம்மாள் நான்காவது முளையருகே குந்தியிருந்தார். கயிறு அவர் கையில் தொளதொளவென்று கிடந்தது. கூடாரக் கால் லேசாக ஆடியது.

குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். "அம்மா! என்ன செய்யுதீங்க? அதை ஏன் அவுத்தீங்க?"

அவர் நிமிரவில்லை. முழங்காலால் கூடாரக் காலை அமுக்கிக்கொண்டு கயிற்றைச் சுண்டி இழுத்தார். முளையில் சுற்றி முடிச்சுப் போட்டார். கயிறு கம்பிபோல் விறைத்து நின்றது.

"காத்துல ஆடி ஆடித் தளர்ந்து போச்சு."

"கட்டித்தானே இருந்தது? அதுக்கு எதுக்கு அவுக்கணும்?"

"அவுக்காம எப்படி இறுக்க, மாசானம்?"

மாசானம் பழக்கடையைப் பார்த்தான். பேச்சித்தாய் வலது கையில் துணி சுற்றியிருந்தாள். இடது கையால் ரம்புட்டான் பழங்களைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் இங்கே திரும்பவில்லை.

அவனுக்கு இன்னும் மனசு இறங்கவில்லை.

"இதை அவ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?"

தவசியம்மாள் கைமண்ணைத் தட்டினார்.

"நான் சொன்னேன், நீ நம்புன. அவ சொல்லியிருந்தா?"