கஸ்பார் தின்ற கணவாய்

மகனுக்குப் பெண் கேட்டு வந்த கஸ்பார் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்ததிலிருந்து கணவாய் மீனின் மருத்துவ குணத்தையே அளந்துகொண்டிருந்தான்.

எதிரே பெண்ணின் அப்பா சவரியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பொரு திருவிழாவில், மணல்திட்டில் ஏறிய சவரியானின் வள்ளத்தைத் தான் ஒற்றை ஆளாய்ப் பல்லால் கடித்து இழுத்ததாகவும், அந்நேரம் சவரியான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அழுததாகவும் ஊரெல்லாம் சொன்னவன் இவன். ஊர் அதை மறந்துவிட்டது. சவரியான் மறக்கவில்லை. ஆனால் மகள் பிலோமி, கட்டினால் இந்தப் புளுகன் மகனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள்.

"சம்மந்தி, ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. கணவாய்ல மருந்து எடுக்கணும், எதுல சத்து இருக்குன்னு தெரியலைன்னாங்க. கடலைப் பார்த்து ஒரு விசில் அடிச்சேன். சத்துள்ளதெல்லாம் வரிசையா வந்து குப்பியில இறங்கிட்டு."

"மூடியையும் அதுவே போட்டுக்கிட்டோ?"

"நாலைஞ்சு போட்டுச்சு. மத்ததுக்குக் கை வழுக்கிட்டு. அதோட மையை என் அறுந்த விரல்ல தடவினேன் பாரும், விடியுமுன்னே முளைச்சிட்டு!"

"எந்த விரல் வே?"

"எப்படிச் சொல்ல? பத்தும் ஒண்ணுபோல இருக்கே! பதினொண்ணாவதும் எட்டிப் பார்த்துச்சு. நான்தான் அதட்டி உள்ள அனுப்பினேன்."

சவரியான் கொட்டாவி விட்டார். கஸ்பார் விடவில்லை.

"கணவாய்க்கு மூணு இதயம், தெரியும்லா? அந்த இதயச் சாறை எங்க பெரியப்பா பிரேதத்து வாயில ரெண்டு சொட்டு விட்டேன். பெட்டியில எழுந்து உக்காந்து மீன்குழம்பு கேட்டாரு. குழி வெட்டியாச்சு, இனி மாத்த முடியாதுன்னு சாமியார்தான் கெஞ்சிப் படுக்க வச்சாரு."

"அந்த அடக்கத்துக்கு நானும் வந்தேனே."

"வந்தீரு. அந்த நேரம் பாத்து பீடி குடிக்க வெளிய போயிட்டீரே!"

சவரியான் மனைவியைக் கூப்பிட்டார். "ரெஜினா, சோறு போடு."

சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். தட்டு வந்தது. சோற்றை மறைத்துக் கணவாய்க் கறி. கஸ்பாரின் முகம் செத்துப்போனது. வாலிபத்தில் ஒரே வள்ளத்தில் போனபோது, ஒரு துண்டு கணவாய் தின்று உதடு பன் ரொட்டியாக வீங்கியவன் அவன். துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தவர் சவரியான்.

"சாப்பிடும் வே. தின்னா பொண்ணு உம்ம வீட்டுக்கு. தின்னலேன்னா மருந்தும் பொய், நீரும் பொய். வாசல் அந்தப் பக்கம்."

கதவுக்குப் பின்னால் பிலோமியின் வளையல் சத்தம் நின்றது. கஸ்பார் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தட்டை வழித்துத் தின்றான்.

முதலில் உதடு உப்பியது. பிறகு காது. பிறகு கண்ணே காணவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டியது.

"பாத்தீரா... சம்மந்தி... மருந்து வேலை செய்யுது. ஒரு ஆளு உடம்புல... ரெண்டு ஆளு சதை!"

"பாத்தேன் வே. பிலோமி, ஓடிப்போய் ஆட்டோ கூப்பிடு. உங்க மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்துவிட்டு, சவரியான் தன் துண்டால் சம்மந்தியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாதேயும் வே. கட்டிப் பிடிச்சுக்க இதுல பாய்மரம் கிடையாது."