கிடாயத் தின்ன வாய்

கரிசக்காட்டுல ஓநாய் திரிஞ்ச காலத்துக் கதை. காதக் குடுத்துக் கேளுங்க. கடைசியில ஒரு கேள்வி இருக்கு, கொட்டாவி விட்டவனத்தான் மொதல்ல கேப்பேன்.

மாடக்கண்ணுன்னு ஒருத்தன் இருந்தான். அவன் வேட்டைநாய் பேரு பவளம். கன்னிச் சாதிப் பொட்டை. ஒட்டுன வயிறு, ஈர்க்குச்சிக் காலு. மோப்பமெல்லாம் அதுக்கு ரெண்டாம் பட்சம். வெட்டவெளியில ஒண்ணு ஓடுறது கண்ணுல பட்டாப் போதும், வில்லுல இருந்து விட்ட மாதிரி போகும். மாடக்கண்ணுக்குப் பொண்டாட்டி பிள்ள கெடையாது. கஞ்சிய அதுகூடத்தான் பங்கு வச்சுக் குடிப்பான்.

ஒரு நா காலையில ஆட்டுக்கிடைக்காரர் கொண்டல்சாமி வந்து நின்னாரு. கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கிடாயக் காணோம். பின்னாலயே ஆடு மேய்க்கிற பூவலிங்கம் மூக்கால அழுதுக்கிட்டு வாரான். "ஓநா இழுத்துட்டுப் போயிருச்சு மொதலாளி, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

கொண்டல்சாமிக்கு மீச துடிக்குது. "சாமி கிடாயத் தின்ன வாயி நாளைக்கு மூச்சு விடக்கூடாது. எந்த வாயா இருந்தாலும் சரி. கருப்பன் மேல சத்தியம்."

"பொழுது சாயுறதுக்குள்ள பிடிச்சிருவோம் அண்ணாச்சி," மாடக்கண்ணு நெஞ்ச நிமித்துறான். "வயிறு முட்டத் தின்ன ஓநா எங்கிட்டு ஓடும்? மாசமான பொம்பள கணக்காத்தான் போகும். ஓடுற உசுரு வெறும் வயித்தோட ஓடணும். வேட்டையன்னைக்குப் பவளத்துக்கு நான் ஒரு பருக்க காட்ட மாட்டேன்."

கொண்டல்சாமி ஆளு தெரட்டப் போனாரு. அவரு தல மறைஞ்சதும் பூவலிங்கம் ஒரு சட்டியோட வந்தான். "மாமா, முசக்கறியும் சோறும், மஞ்ச அரைச்சுப் போட்டு ஆக்குனது. வேட்டைக்குப் போற மனுசன் வெறும் வயித்தோட போகலாமா?"

மாடக்கண்ணு கறியக் கண்டு ரொம்ப நாளாச்சு. அள்ளித் தின்னான். நடுவுல ஒரு எலும்பு வந்துச்சு, ஒலக்கைக்குத் தம்பி மாதிரி.

"ஏ மாப்ள, முசலுக்கா இம்புட்டுத் தடி எலும்பு?"

"கெழட்டு முசலு மாமா."

"கொம்பும் இருந்துச்சோ?"

பூவலிங்கம் சிரிச்சான். மாடக்கண்ணும் சிரிச்சுக்கிட்டே தின்னான்.

பவளம் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எலும்பும் மஞ்சச்சோறும் முன்னால கெடந்தும் தொடல. காலையில சொன்ன சொல்லு கறி ருசியில மறந்துபோச்சு, "தின்னு"ன்னான். அப்புறந்தான் வாய வச்சுச்சு. சட்டிய நக்கிக் காலி பண்ணுனதும் அதுதான்.

உச்சிப் பொழுதுல ஓடைமேட்டுல ஓநாய் எந்திரிச்சுச்சு. கயித்த உருவி "பிடி"ன்னான். ஓநாயி காத்துல போற சருகு மாதிரி பறக்குது. வயிறு குலுங்க எளைச்சுக்கிட்டு ஓடுறது பவளம்தான். அம்மாம் பெரிய பொட்டக்காடும் அன்னைக்கு அதுக்கு ஓநாய எட்டிப் பிடிக்கப் பத்தல. கடைசியில கரிசமண்ணு வெடிப்புல ஓநாய்க்குக் காலு சிக்குச்சு. பவளம் பாஞ்சு கழுத்தக் கவ்வுச்சு. கவ்விட்டு ஒதுங்கத் தெரிஞ்ச நாய்தான், வயித்துப் பாரம் ஒதுங்க விடல. ஓநாயி அடிவயித்தக் கிழிச்சிருச்சு. கொடலு மண்ணுல பொரளுது, பவளம் பிடிய விடல. ஆளுக வந்து ஓநாயக் கம்பால அடிச்சுக் கொன்ன பெறகும் விடல. மாடக்கண்ணு வந்து "விடு"ன்னான். விட்டுச்சு.

கொண்டல்சாமி ஓநாய் வயித்தக் கீறிப் பாத்தாரு. ரெண்டு எலந்தக்கொட்ட, ஒரு ஓணான் வாலு. அம்புட்டுத்தான்.

"இது தின்னல," அப்படின்னு திரும்புனவரு கண்ணு பவளத்தோட கிழிஞ்ச வயித்துல போயி நின்னுச்சு. மஞ்சச்சோறு. தடி எலும்புத் துண்டு. "ஏ மாடா, இது என்னது?"

பூவலிங்கம் மாடக்கண்ணப் பாத்தான். மாடக்கண்ணு கொண்டல்சாமி கையில இருந்த கம்பப் பாத்தான். கறி நெய்ப்பு ஒட்டியிருந்த மீசையப் பொறங்கையால தொடச்சான்.

"எப்பப் போயித் தின்னுச்சோ அண்ணாச்சி. திருட்டு நாய்."

அவன் கொரலக் கேட்டுப் பவளம் வால ஆட்டுச்சு.

கொண்டல்சாமி அந்த மஞ்சளப் பாத்தாரு. அந்த மீசையப் பாத்தாரு. பாத்துட்டுக் கம்ப நாய் தலையில எறக்குனாரு. சத்தியம் தீந்துச்சுன்னு கருப்பனுக்குத் தேங்காயும் ஒடைச்சாச்சு.

இப்பச் சொல்லுங்க. பூவலிங்கம், கொண்டல்சாமி, மாடக்கண்ணு, இந்த மூணு பேருல பெரும்பாவி யாரு?

விடை: பூவலிங்கம் பசிக்குத் திருடுனான், பயத்துல பொய் சொன்னான். நாய்க்கு அம்மியில மஞ்சள் அரைக்கத் தெரியாதுன்னு கொண்டல்சாமிக்கும் தெரியும். ஆனா மனுசன அடிச்சா நாளைக்கு ஆட்ட யாரு மேய்க்கிறது, ஓநாய யாரு வெரட்டுறது? நாயோட போச்சுன்னா சாமிக்கும் சரி, அவருக்கும் சரி. பெரும்பாவி மாடக்கண்ணுதான். அன்னைக்குத் தின்னுன்னான், பிடின்னான், விடுன்னான். அவன் சொன்ன மூணு வார்த்தையையும் அது கேட்டுச்சு. அதுக்காக அவன் சொல்ல வேண்டியிருந்தது ஒத்த வார்த்த: "நாந்தான்."