வண்டி அணையவில்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் கலாமணியின் பட்டறை இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும்தான் அவள் கையில் எடுப்பாள். நாச்சிமுத்து அவளிடம் வேலை கற்க வந்தபோது அவனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மில்லை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தான். தன்னைவிடச் சின்னவளான அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டான். அவள் அவனை அண்ணா என்றாள்.

அந்த முறை வந்திருந்தது போஜனின் வண்டி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர் அவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. எஞ்சினைக் கலாமணி எடுத்துக்கொண்டாள். ஹேண்டில்பாரையும் அதிலிருந்த சுவிட்ச், பட்டன், லீவர் எல்லாவற்றையும் நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"முழுசா உங்க வேலைங்ணா. நான் குறுக்க வரமாட்டேன்."

"சரிங்க மாஸ்டர்."

"ஒண்ணு மட்டும். ஆஃப் பட்டன் உக்கார்ற இடத்துல பெயிண்ட் ஏறக் கூடாது. இரும்பு இரும்பைத் தொட்டாத்தான் எர்த் கிடைக்கும். எர்த் கிடைச்சாத்தான் வண்டி அணையும். ஹேண்டில்பார்ல ஆக்சிலேட்டர் சுத்துற நுனியும் வெறும் இரும்பாவே இருக்கட்டும்."

நாச்சிமுத்து தலையாட்டினான்.

அவன் கை நல்ல கை. துருப்பிடித்த லீவர்களைத் தேய்த்து முலாமுக்கு அனுப்பினான். ஹாரன் பட்டனைப் பிரித்து, உள்ளேயிருந்த செம்புத் தகட்டைச் சுத்தம் செய்தான். டிம்-பிரைட் சுவிட்சின் மேல் அழிந்துபோயிருந்த எழுத்துகளில் ஊசிமுனையால் வெள்ளைப் பெயிண்டை நிரப்பினான். ஹேண்டில்பாருக்குக் கறுப்பு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் நனைந்த உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசினான். கடைசியில் குனிந்தால் அதில் முகம் தெரிந்தது.

மாஸ்டர் சொன்ன இரண்டு இடங்களையும் வெறுமையாகத்தான் விட்டிருந்தான். ஆனால் பட்டனைப் பொருத்திப் பார்த்தபோது, அதன் வளையத்தின் ஓரத்தில் இரும்பு மெல்லிய கோடாக வெளியே தெரிந்தது. அத்தனை கறுப்புக்கு நடுவில் அது ஒரு சிரங்குபோல இருந்தது. அன்று முழுவதும் அவன் கண் அங்கேயே போயிற்று. கடைசியில் பிரஷ்ஷை எடுத்தான். பட்டன் இடத்தில் ஒரு பூச்சு. கை ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் ஆக்சிலேட்டர் நுனிக்கும் ஒரு பூச்சு.

மெல்லிய பூச்சுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தான்.

வண்டியைக் கொடுக்கவேண்டிய நாள் வந்தது. போஜனும் அவர் மனைவியும் மத்தியானத்துக்குமேல் பஸ்ஸில் இறங்கி, இருவருமாக இந்த வண்டியிலேயே மலையேறிப் போவதாக ஏற்பாடு. காலையில் கலாமணி வந்து வண்டியைச் சுற்றி நடந்தாள்.

"நானும் ஒரு தடவை பாத்துடட்டுங்களாண்ணா?"

"எதுக்குங்க மாஸ்டர்? என் கையில முடிஞ்ச வேலைங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப எடுங்கண்ணா. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

மாஸ்டர் ஒருவர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து நாச்சிமுத்து பார்த்ததில்லை. மறுவார்த்தை கேட்காமல் அவள் ஏறிக்கொண்டது அவனுக்குப் பெருமையாக இருந்தது.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. எஞ்சின் நிதானமாக இழுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைப்பிடி உள்ளங்கையில் சூடாக, லேசாகப் பிசுபிசுப்பாக இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மூங்கில் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினான். வண்டி சீறிக்கொண்டு முன்னே போனது.

தாண்டியானதும் கையைத் திருப்பினான். ஆக்சிலேட்டர் திரும்பவில்லை.

பலமாகத் திருப்பினான். ஒட்டிக்கொண்டதுபோல நின்றது.

வளைவு எதிரே வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தபடி இறங்கியது. நாச்சிமுத்து கிளட்ச்சைப் பிடித்தான். சுமை விட்டுப்போன எஞ்சின் காது கிழியக் கத்தியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இடது கட்டை விரலால் ஆஃப் பட்டனை அழுத்தினான்.

வண்டி அணையவில்லை.

இன்னும் அழுத்தினான். அழுத்த அழுத்த, கிளட்ச்சைப் பிடித்திருந்த விரல்கள் அவனை அறியாமல் தளர்ந்தன. வண்டி ஒரே பாய்ச்சலாகச் சாலையோரத் தடுப்புச் சுவரை நோக்கிப் பாய்ந்தது.

"கிளட்ச்!" கலாமணியின் குரல் காதருகே வெடித்தது. "பட்டனை விடுங்க! கிளட்ச்சைப் பிடிங்க! பிரேக்!"

பிடித்தான். பின்சக்கரம் தேய்ந்து வழுக்கியது. முன்சக்கரம் சுவரில் இடித்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. பஸ் அவர்களை உரசிக்கொண்டு போனது. டிரைவர் ஏதோ திட்டியது எஞ்சின் கத்தலில் கேட்கவில்லை.

கலாமணி குதித்திறங்கினாள். பையிலிருந்த அழுக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயரைப் பிடித்து இழுத்தாள். ஷாக் அடித்தது, தோள்வரை உதறியது. வயரை விடவில்லை.

எஞ்சின் நின்றது.

நாச்சிமுத்துவின் விரல்கள் கிளட்ச்சைவிட்டு வர மறுத்தன. கலாமணிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். இருவரும் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"பெயிண்ட்டுங்க மாஸ்டர்," என்றான் அவன்.

"ஆமாங்ணா."

"பூசாதீங்கன்னு சொன்னீங்க. பூசிட்டேன்."

அவள் ஷாக் அடித்த தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

எஞ்சினைக் கிளப்பாமலே வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினார்கள். வந்ததும் நாச்சிமுத்து ஸ்பேனர்களை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நீங்களே பண்ணிக் குடுத்துருங்க மாஸ்டர். நான் இனி இதைத் தொடமாட்டேன்."

"என் கை இன்னும் மரத்துக் கெடக்குதுங்ணா. ஸ்க்ரூ நிக்காது."

"நாளைக்குத் தர்றோம்னு போஜன் சாருக்குப் போன் பண்ணிரலாங்களே."

"நாளைக்கும் நீங்கதான் பண்ணணும்."

அவன் நின்றான். பிறகு ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டான்.

ஆக்சிலேட்டர் குழாயைக் கழற்றினான். உள்ளே பெயிண்ட் வெயிலில் இளகி, தார்போலச் சுருண்டு கிடந்தது. பிளேடால் சுரண்டினான். அழுத்திய வேகத்தில் பிளேடு நழுவி, வெளியே தெரியும் கறுப்பிலும் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தான். ஆஃப் பட்டனைக் கழற்றி அங்கேயும் சுரண்டினான். திரும்ப மாட்டினான். கிக்கரை உதைத்து, எஞ்சின் பிடித்ததும் பட்டனை அழுத்தினான். அணைந்தது. மறுபடி உதைத்தான். அணைத்தான். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டான். படக்கென்று திரும்பியது. முத்துமுத்தாக வியர்த்திருந்த நெற்றியைத் துடைக்காமல் மறுபடி முறுக்கினான்.

வண்டியை வெயிலில் நிறுத்தி, கைப்பிடி நன்றாகச் சூடேறியபின் இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தான்.

போஜனும் அவர் மனைவி மாதியும் அப்போதுதான் வந்தார்கள். போஜன் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். சுவிட்ச் எழுத்துகளை விரலால் தடவினார். விரல் கீறலில் வந்து நின்றது.

"இதென்னங்க, புதுப் பெயிண்ட்டுல? சுரண்டுன மாதிரி இருக்குது."

மாட்டும்போது பட்டுவிட்டது என்று சொல்லலாம். போஜன் நம்புவார். நாச்சிமுத்து கலாமணியைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க சுரண்டினேன்," என்றான். "பெயிண்ட் படக் கூடாத எடத்துல அழகுக்குன்னு பூசிட்டேன். காலையில ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிச்சு. ஆஃப் பட்டன் வேலை செய்யல. மொதல் வளைவுல நானும் மாஸ்டரும் கீழ போயிருப்போம்."

மாதி கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

போஜனின் முகம் இறுகியது. "இப்ப?"

"சரி பண்ணிட்டேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமாங்க."

"காலையில கொல்லப் பாத்த அதே கைதான?" போஜன் கலாமணியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இதை நம்பி இவளை எப்படி ஏத்திட்டுப் போறது?"

கலாமணி கொக்கியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். வண்டியருகே வந்து நின்றாள்.

"எடுங்கண்ணா."

"நீங்க வேண்டாங்க மாஸ்டர். நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"எடுங்க."

அவன் உட்கார்ந்தான். கிளம்புமுன் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தான். எஞ்சினைக் கிளப்பி, பட்டனை அழுத்தி அணைத்துப் பார்த்தான். மறுபடி கிளப்பினான். பிரேக்கை இரண்டு தடவை மிதித்தான். பின்னால் அவள் ஏறியபோது வண்டி லேசாகத் தாழ்ந்தது. அந்தப் பாரம் முதுகெலும்பில் இறங்கியது போலிருந்தது அவனுக்கு. காலையில் அவள் ஏறியதை அவன் உணரவேயில்லை.

அதே ஏற்றம். அதே வளைவு. வரும் முன்பே நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நேரான சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டான். திரும்பியது. தடுப்புச் சுவரருகே நிறுத்தி, பட்டனை அழுத்தினான். எஞ்சின் அடங்கியது. மரத்தில் ஏதோ பறவை கத்துவது கேட்டது. சுவரில் டயரின் கறுப்புத் தடம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் திரும்பி இறங்கினார்கள்.

பட்டறை வாசலில் போஜன் நின்றபடியே காத்திருந்தார். வந்ததும் அவரே உட்கார்ந்து கிளப்பினார், அணைத்தார். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டார். நாச்சிமுத்துவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"கீறல் அப்படியே இருக்கட்டும்," என்றார். "அது மேல பெயிண்ட் கியிண்ட் வேண்டாம்."

மாதி தயங்கித் தயங்கி ஏறி, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

நாச்சிமுத்து சாலையோரத்தில் நின்று காது கொடுத்தான். எஞ்சின் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் தணிந்தது. தணியும்போதெல்லாம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடி எழுந்ததும் விட்டான். சத்தம் மலைக்குள் கரைந்த பிறகும் அங்கேயே நின்றான். அந்தி மங்கும் நேரம் கலாமணியின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தாள்.

"போய்ச் சேந்துட்டாங்களாம்."

அவன் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் ஷட்டரை இறக்கப் போனாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணா."

"காலையில அப்படி ஆனதுக்கப்புறம், எந்த தைரியத்துல மறுபடி என் பின்னால ஏறுனீங்க?"

கலாமணி ஷட்டரில் கைவைத்தபடி திரும்பினாள்.

"ரெண்டாவது தடவை நீங்க வண்டியில உக்காந்தப்பவே உங்க முதுகு நடுங்குச்சுங்ணா. காலையில நடுங்கல. காலையிலதான் நான் ஏறியிருக்கக் கூடாது."