ஏழாவது வளைவில் இறங்கியவர்

ஈரோட்டு மில் முதலாளி சிங்காரவேலு வாங்கிய வெளிநாட்டுக் காருக்கு விலை கூடின பெட்ரோல்தான் ஒத்துக்கொள்ளும். டிரைவர் மாரப்பன் சொல்லிப் பார்த்தான். "பெட்ரோல்ல என்னடா உசத்தி? சாதாவையே போடு" என்று முதலாளி அவன் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் பின்சீட்டில் முதலாளியோடு, சம்பந்தம் பேச வந்திருந்த நாச்சிமுத்துவும் உட்கார்ந்திருந்தார். ஏற்காடு மலை ஏறத் தொடங்கியதுமே இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டொக்கு டொக்கென்று சத்தம். மாரப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னுங்க சத்தம்?" என்றார் நாச்சிமுத்து.

"என் வண்டி உசந்த பெட்ரோலைத் தவிர எதையும் தொடாதுங்க. இவன்தான் என்னமோ பண்ணி வெச்சிருக்கான்" என்ற சிங்காரவேலு, மாரப்பன் மேல் பாய்ந்தார். "ஏழாவது வளைவுக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லாட்டி சாவியைக் குடுத்துட்டு இறங்கிக்க."

"ஏத்தத்துல பாரம் கொறைஞ்சா சத்தம் நின்னுருமுங்க. கொறைச்சுக்கட்டுங்களா?"

"எதை வேணும்னாலும் இறக்கு. என்னைக் கேக்காதே."

ஏழாவது வளைவில் மாரப்பன் வண்டியை ஓரங்கட்டினான். டிக்கியிலிருந்த பழக்கூடைகளைத் தொடவில்லை. நேராக வந்து முதலாளியின் கதவைத் திறந்தான்.

"இறங்குங்க முதலாளி. நேத்து நீங்க போடச் சொன்ன சாதா பெட்ரோலு எங்க ரெண்டு பேரைத்தான் இழுக்குமுங்க."

நாச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்ன வார்த்தையை விழுங்க முடியாமல் சிங்காரவேலு இறங்கினார். வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

"அவரு எப்படி வருவாரு?" என்றார் நாச்சிமுத்து.

"மேல பங்க் இருக்குதுங்க. அவரு உங்ககிட்டச் சொன்ன அந்த உசந்த பெட்ரோலை ரொப்பிட்டு வந்து ஏத்திக்கலாம்."