வேக உணவு

ஒரு தட்டு ஃப்ரைடு ரைஸ் தாமதமானதற்காக இசக்கியின் தள்ளுவண்டி பறிபோகவிருந்தது.

வண்டி நின்றது பேருந்து நிலைய வாசலில். வியாபாரிகள் சங்கம் தலையசைத்தால்தான் அங்கே நிற்க முடியும். சங்கத் தலைவர் அருமைநாயகத்துக்கு வண்டிப் பலகையில் இருந்த 'பாஸ்ட் ஃபுட்' என்ற ஆங்கிலப் பெயர் பிடிக்கவில்லை. தானே பெயின்டரைக் கூட்டிவந்து 'வேக உணவு' என்று மாற்றி எழுதவைத்தார்.

மறுநாள் ஆட்களோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்கேடா சாப்பாடு?"

"அரிசி இப்பத்தான் அடுப்புல இருக்கு, தலைவரே."

"பாஸ்ட்டுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? வேகம்! உட்காருறதுக்குள்ள தட்டு வரணும். போர்டுல ஒண்ணு, அடுப்புல ஒண்ணா? ஊரை ஏமாத்துறியா? தள்ளுங்கடா வண்டியை!"

ஆட்கள் வண்டியில் கைவைத்தார்கள். இசக்கி கையெடுத்துக் கும்பிட்டான். என்ன அநியாயம் இது! பெயர் வைத்தவரும் அவரே, குற்றம் பிடிப்பவரும் அவரே.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண் ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

"ஐயா, நீங்க எழுதவச்சபடிதான நடக்குது? போர்டைப் படிங்க."

"வேக உணவு!" என்று முழங்கினார்.

"அதான் ஐயா. அரிசி வேக, கறி வேக நேரமாகும். வேகாத உணவுன்னு எழுதவச்சிருந்தா நீங்க உட்காருமுன்னே கொட்டியிருப்போம்."

முதலில் சிரித்தவன், அங்கே நின்று வேடிக்கை பார்த்த, பலகை எழுதிய பெயின்டர். பிறகு வாசலே சிரித்தது. ஆட்களும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். எழுந்து போனால் இன்னும் சிரிப்பார்கள் என்று தலைவர் சோறு வேகும்வரை உட்கார்ந்திருந்தார்.

வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதை நிற்கவைத்தவள் தட்டுக் கழுவும் மாடத்தி.