கோணக்கையனின் திறந்த வாசல்

உப்பங்கழி ஓரம் ஓர் அலையாத்திக் காடு. அதன் சேற்றில் ஏகப்பட்ட நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை சின்னது, ஒரு கை பெரியது. பெரிய கையை வீசித்தான் பெண்ணைக் கூப்பிடும். மற்ற நண்டுகள் கையை அழகாக வட்டம் போட்டு வீசும். கோணக்கையன் என்ற நண்டின் கை மட்டும் பாதியில் சிக்கும். வெடவெடவென்று நடுங்கும். அப்புறம்தான் மேலே போகும்.

"என்ன மாப்பிள்ளை, கொசு விரட்டுறியா?" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் செம்பி அவனுக்குப் பெண்டாட்டியாக வந்தாள்.

கடல்நீர் ஏறுவதற்கு முன்னால் சேற்றை உருட்டி வளை வாசலை அடைத்துக்கொள்வது நண்டுகளின் வழக்கம். நீர் வற்றியதும் திறக்கும். கோணக்கையன் இப்போதெல்லாம் அடைப்பதில்லை. காரணம் இருந்தது. போன பௌர்ணமிக்குச் செம்பி வயிறு நிறைய முட்டையோடு நீரோரம் போனாள். குஞ்சுகளைக் கடலில் விடப் போனவளை நீரோட்டம் இழுத்துக்கொண்டது. போகிற போக்கில் கத்தினாள்: "வந்துடுவேன்! வாசலை மாத்திடாதே!"

அவ்வளவுதான். அடைத்தால் அவளுக்கு வாசல் தெரியாதே என்று பயந்தான். அன்றிலிருந்து வாசல் திறந்தே கிடந்தது. ஏறுகிற நீரெல்லாம் வீட்டுக்குள் வந்தது. வற்றியதும் சேற்றை அள்ளி வெளியே கொட்டுவான். பிறகு வாசலில் நின்று அக்கரையைப் பார்த்துக் கையை வீசுவான். வெயில் சாயும் வரை வீசுவான். அவள் படுக்கிற மூலையில் மட்டும் கால் வைக்க மாட்டான்.

ஒருநாள் ஆலாப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடலை விட்டு நிலத்தைப் பார்த்துப் பறந்தன. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறின. காற்று விட்டு விட்டு வீசியது.

துள்ளான் வந்தான். சேற்றில் துள்ளி நடக்கிற மீன் அவன். பக்கத்துக் குழிக்காரன்.

"புயல்டா! எல்லாரும் பனைமேட்டுக்குப் போறோம். கிளம்பு!"

"நீ போ."

"நீ?"

"செம்பி வந்தா?"

"இந்தக் காத்துல எவ வருவா? மூளை இருக்கா உனக்கு?"

"வாசலை மாத்தாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

பக்கத்து வளையிலிருந்து தடியன் என்ற நண்டு தலையை நீட்டினான். "எதுக்குடா இந்த ஓட்டம்? எத்தனை வெள்ளத்தைப் பார்த்திருக்கோம்! என் வளை ஆழம் உனக்குத் தெரியுமா? வாசலை அடைச்சுட்டுப் படுத்தா எல்லாம் தானா போயிடும்!"

"இது தினம் ஏறுற நீர் இல்லை தடியா. மரத்தோட வேரே ஆடுது, பாரு!" என்றான் துள்ளான்.

"வேர் ஆடினா ஆடட்டும். நான் ஏன் ஆடணும்?" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு பெரிய உருண்டையை வைத்து வாசலை அடைத்துக்கொண்டான். அவன் பேச்சைக் கேட்டு இன்னும் சிலரும் அடைத்துக்கொண்டார்கள்.

நரி அந்தப் பக்கமாக ஓடியது. ஓடுகிற ஓட்டத்திலும் அதற்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நண்டுத் தம்பி, நடக்க முடியலையா? என் வாயில ஏறிக்க. உள்ளே துளி காத்து அடிக்காது!"

"வேண்டாம் மாமா. என் ஓடு உன் பல்லுக்கு ஆகாது!"

நரி போய்விட்டது. வாசலை அடைக்காத மற்ற நண்டுகளும் போய்விட்டன. துள்ளான் மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு வேரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

கோணக்கையனுக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஓர் அடையாளம் நட்டு வைத்தால் என்ன? செம்பி வந்தால் தெரிந்துகொள்வாளே! நாலு மரம் தாண்டிப் போனான். கண்டல் மரத்தின் நீளமான காய் ஒன்றை எடுத்தான். இழுத்துக்கொண்டு திரும்பினான்.

நேரம் கெட்ட நேரத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. மழை சேற்றை அடித்துக் குழப்பியது. அவன் ஒரு வளையில் எட்டிப் பார்த்தான். அவனுடையது இல்லை. அடுத்ததில் பார்த்தான். அதுவும் இல்லை. இங்கே ஓடினான், அங்கே ஓடினான். எல்லாக் குழியும் ஒரே மாதிரி கலங்கிக் கிடந்தது. காயைக் கீழே போட்டான்.

"துள்ளான்! என் வாசல் எங்கேடா?"

"எனக்கென்ன தெரியும்? வாசலுக்குச் சொந்தக்காரன் நீ!"

கோணக்கையன் நின்றான். நீர் அவன் கண்வரை வந்துவிட்டது. நானே கண்டுபிடிக்க முடியாத வாசலை அவள் எங்கிருந்து கண்டுபிடிப்பாள்?

"இன்னும் என்னடா நிக்கிறே!" என்று துள்ளான் கத்தினான்.

கோணக்கையன் ஒரே ஒரு தடவை அக்கரையைப் பார்த்தான். அக்கரையே தெரியவில்லை. பிறகு மேட்டைப் பார்த்து ஓடினான்.

பனைமேட்டில் நரி ஒரு பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. நண்டுகளைப் பார்த்ததும், "பயப்படாதீங்கப்பா. என் பசி எப்பவோ ஓடிப்போச்சு. கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க, எனக்குப் பயமா இருக்கு!" என்றது. யாரும் கிட்டப் போகவில்லை. நரி நரிதானே!

அன்று அடித்த காற்றை விவரிக்க ஒன்றுமில்லை. அடித்தது. பனைகள் பாதி விழுந்தன. ஓய்ந்தது.

இறங்கி வந்து பார்த்தால் சேறு பலகை மாதிரி சமமாகக் கிடந்தது. ஒரு வளைகூட இல்லை. தடியன் இருந்த இடத்தின் மேல் புதுச் சேறு மலையாகக் குவிந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். தோண்டிப் பார்த்தார்கள். தடியனும் வரவில்லை, அவனோடு அடைத்துக்கொண்டவர்களும் வரவில்லை.

கோணக்கையன் புது வளை தோண்டவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஏறினான். அக்கரையைப் பார்த்துக் கையை வீசினான். கை சிக்கியது, நடுங்கியது, மேலே போனது. மறுநாளும் வீசினான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு அலையின் நுரையும் இரண்டு கண்ணாகத் தெரிந்தது. கிட்டே வந்ததும் வெறும் நுரையாகிப் போனது.

"கை ஒடிஞ்சிடப் போகுதுடா," என்றான் துள்ளான்.

"ஒடியட்டும்."

ஒரு மத்தியானம் நீர் நன்றாக வற்றியிருந்தது. கழியின் நடுவில் இரண்டு கண்கள் நிமிர்ந்தன. இந்த முறை அவை கரையவில்லை. சேற்றில் ஏறி வந்தன. ஒரு கால் இல்லாமல், விந்தி விந்தி, செம்பி!

"அந்தக் கோணக்கை இந்தக் கழியிலேயே ஒண்ணுதான்," என்றாள் மூச்சு வாங்க. "அக்கரையில இருந்தே தெரிஞ்சுது."

கோணக்கையன் வீசிய கையை இறக்கினான். "வாசல் போயிடுச்சு செம்பி. மாத்தாதேன்னு சொன்னியே," என்றான்.

"போற அவசரத்துல ஆயிரம் சொல்லுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டுச் சாகப் பார்த்தியா? இறங்கு கீழே! நீர் ஏறுறதுக்குள்ள ஒரு வளை தோண்டணும்."

அன்று சாயங்காலம் கோணக்கையன் சேற்றை உருட்டினான். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, உள்ளே இருந்தபடி வாசலை அடைத்தான்.

ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டுமானால், முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.